பித்தளை ஸ்பிரிங்

8 அக்டோபர் 1974, செவ்வாய்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கராஜ் சுவர்க் கடிகாரம் அதைத்தான் காட்டியது. நான் ஒரு பழைய வில்லீஸ் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். டெலிபோன் அடித்தது. முதலாளி பலீல் நானா எடுத்தார். அவர் பேசினால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவருக்கே காது வலிக்கும். இன்று சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய செருப்பு என் தலைமாட்டில் வந்து நின்றது.

"தம்பி, வெளிய வாங்க."

"இந்த நட்டை மட்டும் இறுக்கிட்டு வாறேன் நானா."

"நட்டு கிடக்கட்டும். வாங்க."

என் மனைவி ஜெயா போய்விட்டாள்.

கல்லுமலைத் தோட்டத்து லேண்ட்ரோவர் லுணுகலைக்குக் கீழே இறக்கத்தில் பிடி இல்லாமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்ததாம். தன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது, ஜீப் பதுளைக்குத்தானே போகிறது என்று முன்சீட்டில் ஏறியிருக்கிறாள். பஸ்ஸில் வந்திருந்தால் சாயந்திரம் வீட்டில் இருந்திருப்பாள்.

நானா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் வண்டிக்கு அடியில் போய் அந்த நட்டை இறுக்கிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்?

10 அக்டோபர்

மழையோடு புதைத்தோம். அழுகை வரவில்லை. நகக்கண்ணில் இருந்த ஒயில் கறை போகவில்லை. அந்தக் கையால்தான் மண் போட்டேன்.

11 அக்டோபர், வெள்ளி

இன்னும் கல்லுமலையில்தான் இருக்கிறேன். மாமா வீட்டில். ஜெயாவின் அப்பா தம்பையா, இந்தத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டர். தேயிலை அரைக்கும் ரோலரிலிருந்து பங்களாத் தண்ணீர்க் குழாய் வரை எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு அவரே ஒரு மெஷின் நின்றுபோன மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"ரெங்கசாமி குதிச்சிட்டானாமே?"

"பெறகு? வண்டியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு கூடவே போவானா?"

"நியூட்ரல்ல விட்டுருப்பான்யா. பெட்ரோல் மிச்சம் புடிக்கிறேன்னு எல்லா டிரைவரும் அதத்தான் பண்ணுறானுங்க."

டிரைவர் ரெங்கசாமி. எங்கள் கல்யாணத்துக்கு வந்து மூன்று பந்தி சாப்பிட்டவன்.

நியூட்ரல். பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து இந்த மலையில் இறக்கம் வந்தால் இதுதான் நடக்கிறது. இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் பிரேக் மட்டும்தான் பிடி. பிரேக் சூடாகிவிட்டால் பிறகு ஒன்றும் இல்லை. டெக்னிக்கல் கொலேஜில் இதைப் படம் போட்டுச் சொல்லித் தந்தார்கள். அந்தப் படத்தில் முன்சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவனுக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்திருக்கிறது. தோள் எலும்பு மட்டும்.

14 அக்டோபர், திங்கள்

பதுளை ஆஸ்பத்திரி. ரெங்கசாமி கட்டிலில் சாய்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"வாங்க பாஸ்."

மெக்கானிக் எல்லோருக்கும் இங்கே பாஸ்தான் பெயர். அவனும் அப்படித்தான் கூப்பிடுவான். இன்று அது பிடிக்கவில்லை.

"நியூட்ரல்ல விட்டீங்களா?"

"இல்ல பாஸ். ரெண்டாவதுலதான் எறக்கினேன். கோயில் வளைவு தாண்டினதும் கியர் கழண்டுருச்சு. சாமி சத்தியமா. பிரேக்க மிதிச்சேன், கொஞ்சம் புடிச்சிச்சு, அப்புறம் அதுவும் விட்டுருச்சு."

"ஹேண்ட்பிரேக்?"

"அது எப்பவோ போச்சுங்களே. பெட்டிப் பின் சீல்ல ஒயில் கசிஞ்சு அந்தப் பிரேக் முழுக்க ஊறிக் கெடக்கு. இழுத்தா வழுக்கும்."

"அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

அவன் கட்டுப் போட்ட தோளைப் பார்த்தான். பக்கத்துக் கட்டில் கிழவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குதிச்சீங்க."

"குதிச்சுட்டேன் பாஸ்."

"அவகிட்ட குதின்னு சொன்னீங்களா?"

"சொல்ல வாய் வரல." நல்ல கையால் கம்பியைத் தள்ளுகிற மாதிரிக் காட்டினான். "ஜெயா பாப்பா ரெண்டு கையாலயும் கியர் கம்பியப் புடிச்சு உள்ள தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குத் தெரியுமே. உங்க வீட்டுப் பிள்ளைல்ல."

அவன் முகத்தில் அடிக்க என் கை எழும்பியது. நர்ஸ் வந்துவிட்டாள்.

பொய். எல்லாம் பொய். தான் குதித்ததை மூடுவதற்கு அவளைக் கியர் பிடிக்க வைக்கிறான். அவனை விடமாட்டேன். கியர் பெட்டி என் கைக்குத்தான் வரும், அவனுக்குத் தெரியாதா?

15 அக்டோபர்

லேண்ட்ரோவரை இழுத்துக்கொண்டு வந்து நம் கராஜ் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள். முன்பக்கம் ஒரு முகம் போலவே இல்லை. இந்த மாவட்டத்தில் லேண்ட்ரோவர் கியர் பெட்டியைத் திறக்கத் தெரிந்த கராஜ் இது ஒன்றுதான். விபத்து வண்டிகளைச் சோதிக்கிற அரசாங்க மோட்டார் எக்ஸாமினர் மாதக் கடைசியில் வருவார், அவர் முன்னால்தான் திறக்க வேண்டும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று பொலிஸ் சொல்லிவிட்டுப் போனது.

நானா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பண்டாரவளையில இருந்து வேற ஆளக் கூட்டிட்டு வாறேன். நீங்க இதப் பாக்க வேணாம்."

"நான்தான் பாப்பேன் நானா."

"மனசு தாங்குமா?"

"பெட்டிக்கு மனசு எதுக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்.

முன்சீட்டில் அவளுடைய ஒரு செருப்பு இருந்தது. எடுக்கவில்லை.

18 அக்டோபர், வெள்ளி

நானா ஜும்மாவுக்குப் போய்விட்டார். கராஜில் நான் மட்டும். திறந்தேன்.

முழுப் பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை. இந்த ஜீப்பில் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங், அதற்குக் கீழே ஒரு இரும்புக் குண்டு. ஸ்பிரிங் குண்டை அழுத்தும், குண்டு கம்பியில் உள்ள பள்ளத்தில் உட்காரும், கியர் நின்ற இடத்தில் நிற்கும். அவ்வளவுதான். ஒரு விரல் நீளம்கூட இல்லாத அந்த ஸ்பிரிங்தான் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்பிரிங் வெளியே வந்தது. மஞ்சளாக இருந்தது.

பித்தளை. துணியால் துடைத்துப் பார்த்தேன். தேயிலைக்கு மருந்தடிக்கிற பம்ப் இருக்கிறதே, முதுகில் மாட்டிக்கொண்டு போவார்களே, அதன் வால்வு ஸ்பிரிங். அளவுக்கு அறுத்து நுனியை அரம் போட்டிருந்தது. சுத்தமான வேலை. ஸ்பெயார்ஸ் எதுவும் கப்பலில் வராத காலம், எவனோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறான். காலைக் குளிரில் நன்றாகத்தான் பிடித்திருக்கும். பெட்டி சூடாகி, இறக்கத்தில் எஞ்சின் எதிர்த்து இழுக்கும்போது இது தளர்ந்துவிடும். கழன்றுதான் இருக்கும்.

அப்படியென்றால் ரெங்கசாமி சொன்னது உண்மை.

அப்படியென்றால் அவள் கியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு இருந்ததும் உண்மை.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் தெரியாது. பிறகு என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். பழைய பெட்டிகள் கிடக்கிற ராக்கையில் தேடி நல்ல இரும்பு ஸ்பிரிங் ஒன்றை எடுத்தேன். அதை உள்ளே போட்டேன். தகட்டை மூடினேன். பழைய ஒயிலையும் தூசியையும் குழைத்து மேலே பூசினேன்.

இனி எக்ஸாமினர் திறந்தால் பெட்டி சொல்லும், ஸ்பிரிங் நல்லா இருக்கு, கியர் கழன்றிருக்க முடியாது, டிரைவர்தான் நியூட்ரலில் விட்டான் என்று.

உண்மை சொன்னான், சரி. அதுக்கு என்ன இப்ப? குதிச்சான்ல? அவளப் பாத்துக்கிட்டே குதிச்சான்ல? குதித்ததற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. நான் கொடுக்கிறேன்.

நானா பள்ளிவாசலிலிருந்து வந்து சாப்பாட்டுப் பார்சலை நீட்டினார். முழுதும் சாப்பிட்டேன். அவள் போனபிறகு இன்றுதான் ருசி தெரிந்தது.

19 அக்டோபர்

நன்றாகத் தூங்கினேன்.

21 அக்டோபர், திங்கள்

ரெங்கசாமியின் மனைவி கருப்பம்மா வந்தாள். மழை விட்டபிறகும் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க," என்றார் நானா.

"இங்கயே நிக்கிறேன் ஐயா. பாஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

நான் வேலையை நிறுத்தவில்லை.

"எம்புருஷன் கோழை, பாஸ். நானே சொல்லுறேன், எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ள பாம்பு வந்தா நான்தான் அடிக்கணும், அவரு மேச மேல ஏறி நிப்பாரு. ஆனா பொய் சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு. கள்ளுக் குடிச்சா அவரே வந்து குடிச்சேன்னு சொல்லி அடி வாங்குவாரு."

நானா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எக்ஸாமினர் வந்து பாப்பாரு," என்றேன்.

"அவரு வரட்டும். பெட்டியத் தொறக்கப் போறது நீங்கதானே? உங்க கையில இருக்குன்னுதான் அவரு தைரியமாத் தூங்குறாரு."

"எம்பொண்டாட்டி உங்க புருஷன நம்பித்தான் ஏறுனா."

 அவள் குடையோடு திரும்பிப் போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவள் பின்னாலேயே போவது போல இருந்தது.

23 அக்டோபர், புதன்

பதினாறாம் நாள் காரியம். கல்லுமலை.

சொந்தக்காரர்கள் போனபிறகு மாமா என்னை ஸ்டோர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஜெயா போன அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் நிறையப் பேசினார். ரெங்கசாமியைப் பற்றி.

"கியர் கழண்டுச்சுன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுச் சொல்லுறானாமே? பச்சப் பொய், மாப்புள. முந்தியெல்லாம் கழண்டுச்சு, நான் இல்லேங்கல. டயர் டியூப்ப வெட்டி ஒரு ரப்பர் வார் பண்ணி, கியர் கம்பியச் சீட்டுக் காலோட இழுத்துக் கட்டி வச்சுத்தான் ஓட்டுவான். அதப் பாத்துட்டுத் தோட்டத்துச் சின்னத்தொரை, டவுனுக்கெல்லாம் அனுப்ப முடியாது பிட்டர், நீயே சரி பண்ணுன்னாரு."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கால் நின்றுவிட்டது.

"நான்தான் சரி பண்ணுனேன். உள்ள இருந்த ஸ்பிரிங் ரெண்டா ஒடஞ்சு கெடந்துச்சு. மருந்து பம்புல இருந்து ஒன்ன எடுத்து அளவா வெட்டி, அரம் போட்டு மாட்டினேன். சின்னத்தொரையே ஓட்டிப் பாத்தாரு. சபாஷ்னு சொல்லி, இனி இந்த அசிங்கம் எதுக்குன்னு அந்த ரப்பர் வாரக் கத்தியால வெட்டி எறிஞ்சாரு. என் ஸ்பிரிங் போட்ட வண்டி கழருமா, மாப்புள? நான் கோர்ட்டுல வந்து சொல்லுறேன். அவன் கழுத்த நான் விடமாட்டேன்."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அவர் கை என் தோளில் இருந்தது. அந்தக் கைதான் நுனிக்கு அரம் போட்ட கை.

24 அக்டோபர்

வேலைக்குப் போகவில்லை. பித்தளை ஸ்பிரிங் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நல்ல ஸ்பிரிங் பெட்டிக்குள் இருக்கிறது. அப்படியே விட்டால் மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. ரெங்கசாமி உள்ளே போவான். நான் நினைத்ததும் அதுதானே? ஏன் இப்போது கசக்கிறது?

வெள்ளிக்கிழமை மாற்றியபோது அவனைத் தண்டிப்பதற்காக மாற்றினேன். இன்று அது மாமாவைக் காப்பாற்றுகிறது. மாமாவைக் காப்பாற்றவா நான் அதைச் செய்தேன்? அவரை ஏன் காப்பாற்ற வேண்டும்? அவர் போட்டதுதானே கழன்றது. பெத்த அப்பன். மருந்து பம்ப் ஸ்பிரிங். சபாஷாம்.

எல்லோரையும் ஒரே பள்ளத்தில் தள்ள வேண்டும் போலிருக்கிறது.

27 அக்டோபர், ஞாயிறு

பஸ்ஸில் லுணுகலை, அங்கிருந்து நடை. ஸ்பிரிங் சட்டைப் பையில். பஸ்ஸில் வரும்போதே அந்த வாக்கியத்தைத் தயார்பண்ணி வைத்திருந்தேன். உங்க மகளைக் கொன்னது இதுதான், மாமா. அதைச் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். மறைக்கவில்லை.

ஞாயிறு என்பதால் ஸ்டோர் நின்றிருந்தது. மாமா ரோலரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கையில் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முதலில் சிரித்தார்.

"நம்ம பம்ப் ஸ்பிரிங். நான் வெட்டினதுல்ல இது? ஜீப்புக்கு..." நிறுத்தினார். "இது எப்புடி உங்க கையில?"

நான் தயார்பண்ணிய வாக்கியம் வாயில் வந்தது. வெளியே வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவர் பிட்டர். ஸ்பிரிங்கை இரண்டு விரலால் அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார்.

"கழண்டுச்சா?"

"ஆமா."

"சூட்டுலயா?"

"ஆமா மாமா. பித்தளை. சூட்டுல தளந்துரும்."

"ரெங்கசாமி நியூட்ரல்ல விடல."

"விடல."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் போலவே. ரோலரிலிருந்து கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரத்தில் போட்டார். எல்லாவற்றையும் போட்டு முடித்தபிறகுதான் பேசினார்.

"போன மாசம் அவன் வந்தான், மாப்புள. அண்ணே, வண்டி சூடானா இன்னும் கழருது, ரப்பர் வாரு இருந்தாலாவது பரவாயில்லன்னான். எனக்குக் கோவம் வந்திருச்சு, என் வேலையக் கொற சொல்லுறானேன்னு. இருந்தாலும் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல வச்சுச் சின்னத்தொரைகிட்ட சொன்னேன். அத்தன ஆளுங்க முன்னால தொரை அவனக் கூப்பிட்டு, ஓட்டத் தெரியாதவன் சாக்குச் சொல்லாத, இன்னொரு தடவ ரப்பர் கட்டினா வேலை இல்லன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"இப்ப பெட்டியில எந்த ஸ்பிரிங் இருக்கு?"

"நல்லது. நான் மாத்திட்டேன்."

"எதுக்கு?"

"ரெங்கசாமி உள்ள போகட்டும்னு."

மாமா என்னை அப்படிப் பார்த்ததில்லை. திட்டுகிற பார்வை இல்லை. அளவெடுக்கிற பார்வை.

"இது நான் போட்டதுன்னு தெரிஞ்சு மாத்துனீங்களா, தெரியாமயா?"

"தெரியாம."

"தெரிஞ்சதுக்கு அப்புறம்?"

"தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் இங்க வந்து நிக்கிறேன்."

ஸ்பிரிங்கை என் கையில் திருப்பி வைத்து விரல்களை மூடினார்.

"போட்டுருங்க. இருந்த எடத்துலயே போட்டுருங்க."

"உங்க பேரு வரும், மாமா."

"வரட்டும். எம்பேரு வந்தா தொரை பேரும் சேந்துதானே வரும்? நான் தனியாப் போகமாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை நாள் நான் மட்டும் சுமந்துகொண்டு திரிந்ததை இன்னொரு முகத்தில் பார்த்தேன். பயமாகவும் இருந்தது. துணையாகவும் இருந்தது.

28 அக்டோபர், திங்கள்

தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நானாவின் செருப்புச் சத்தம்.

"எத்தனாவது தடவ தொறக்குறீங்க, தம்பி?"

நான் திரும்பவில்லை.

"அன்டைக்கு ஜும்மா முடிஞ்சு வந்து பாத்தேன். மத்த போல்ட்டெல்லாம் துருப் புடிச்சுக் கெடக்கு, இது ரெண்டு தலை மட்டும் பூசி மெழுகின மாதிரி இருந்திச்சு."

"ஏன் அப்பவே கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லியிருப்பீங்க. சொல்லியிருந்தா நான் பொலிசுக்குப் போயிருக்கணும். போயிருந்தா எனக்கிருக்கிற ஒரே பாஸும் இல்லாமப் போயிருப்பாரு. நான் கெழவன், இந்த வயசுல வண்டிக்கு அடியில படுக்கவா?" பக்கத்தில் குந்தினார். "இப்ப உள்ள போறது எது?"

"முதல்ல இருந்தது."

"அப்ப சரி. போட்டுட்டு வாங்க, டீ ஆறுது."

30 அக்டோபர், புதன்

எக்ஸாமினர் வந்தார். பொலிஸ்காரர் ஒருவர், தோட்டத்துப் பெரிய கிளாக்கர், நானா, நான். மாமா முதல் பஸ்ஸில் வந்து கராஜ் மூலையில் நின்றார். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

தகட்டைக் கழற்றினேன். மஞ்சள் ஸ்பிரிங் எழும்பி வந்தது. எக்ஸாமினர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன கூத்து? யார் போட்டது?"

பெரிய கிளாக்கர் தரையைப் பார்த்தார். மாமா முன்னால் வந்தார்.

"நான்தான் ஐயா. தம்பையா. தோட்டத்துப் பிட்டர். செத்த பொண்ணுக்கு அப்பா."

எக்ஸாமினர் ஸ்பிரிங்கைக் கீழே வைத்துவிட்டார்.

"சின்னத்தொரை போடச் சொன்னாரு, போட்டேன். மறுபடியும் கழருதுன்னு அவருகிட்ட சொன்னோம். டிரைவர் பாதுகாப்புக்குக் கட்டியிருந்த ரப்பர் வார அவருதான் அவர் கையால வெட்டினாரு. பின் சீல்ல ஒயில் கசியுது, ஹேண்ட்பிரேக் புடிக்காதுன்னும் சொன்னோம். இந்த கிளாக்கர் ஐயா பக்கத்துலதான் நின்னாரு. கேளுங்க."

கிளாக்கர், "நான் அன்னிக்கு லீவு," என்றார்.

"லீவுல வந்து எதுக்குச் சிரிச்சீங்க?" என்றார் மாமா.

ஹேண்ட்பிரேக் டிரம்மையும் கழற்றிக் காட்டினேன். உள்ளே ஒயில் குளமாக நின்றது. எக்ஸாமினர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. குறைக்கவும் இல்லை.

15 நவம்பர், வெள்ளி

ரெங்கசாமி மேல் வழக்கு இல்லை.

சின்னத்தொரை மேலும் இல்லை. அவர் பெயர் அறிக்கையில் ஒரு வரி வந்ததாம். மேலே போகப் போக அந்த வரி எங்கேயோ உதிர்ந்துவிட்டது. எதிர்பாராத இயந்திரக் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். எதிர்பாராதது. பெரட்டில் நின்ற அத்தனை பேரும் எதிர்பார்த்தார்கள்.

மாமாவின் வேலையை நிறுத்தி, வீட்டையும் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெட்டியோடும் அரம் சுற்றிய சாக்கோடும் வந்து நிற்கிறார். நானா, "பெஞ்சு வேலைக்கு ஒரு கை கொறஞ்சுதானே கெடக்கு," என்று மட்டும் சொன்னார்.

நானும் மாமாவும் ஒரே அறையில். அவர் குறட்டை விடுகிறார். அவளும் விடுவாள். சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

19 நவம்பர்

ரெங்கசாமி வந்தான். ஒரு கையில் கட்டு, மறு கையில் வாழைப்பழச் சீப்பு. பாண் ரொட்டி வாங்கவே கியூவில் நிற்கிற காலத்தில் எங்கே பிடித்தானோ.

"கும்புட்டுட்டுப் போகத்தான் வந்தேன், பாஸ்."

"ஸ்பிரிங்குக்கு நீங்க பொறுப்பு இல்ல. அதச் சொல்லிட்டேன். குதிச்சதுக்கு நீங்கதான் பொறுப்பு. அத எந்த எக்ஸாமினரும் கேக்கமாட்டான். நான் கேப்பேன். ஒவ்வொரு நாளும் கேப்பேன்."

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், பாஸ்."

"இனிமே இங்க வராதீங்க."

பழத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். நான் தொடவில்லை. மாமா ஒன்றை உரித்துச் சாப்பிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பசிக்குது, மாப்புள," என்றார்.

26 நவம்பர்

ஜெயாவின் செருப்பை லேண்ட்ரோவரிலிருந்து எடுத்தேன். ஒன்றுதான். மற்றது கிடைக்கவே இல்லை.

6 டிசம்பர், வெள்ளி

சாயந்திரம். மழையும் மூடுபனியும். நானா கடைப் பலகைகளைப் போட ஆரம்பித்திருந்தார். மாமா பெஞ்சில் அரம் போட்டுக்கொண்டிருந்தார். டெலிபோன் அடித்தது. நான் பக்கத்தில் நின்றதால் எடுத்தேன்.

"பலீலா?"

குரலைக் கேட்டதும் தெரிந்தது. கல்லுமலைச் சின்னத்தொரை.

"முதலாளி வேலையா இருக்காருங்க. பாஸ் பேசுறேன்."

"ஆ, பாஸ். நல்லதாப் போச்சு. நான் பெரகலச் சந்தியில இருந்து பேசுறேன், ஒரு கடையில. பழைய ஜீப்புல வந்தேன், நடுவழியில நிக்குது. எஞ்சின் ஓடுது, கியரும் விழுது, ஆனா வண்டி நகரல. ஒரு லொறிக்காரன்கூட நிக்கமாட்டேங்குறான். நான் முழுக்க நனஞ்சு போயிட்டேன்."

"பக்கத்துல இருக்கிற சின்ன லீவரு நடுவுல வந்து நிக்குதுங்களா?"

"ஆமா, ஆமா. தள்ளினா உள்ள போகுது. ஏத்தத்துல ஒரு இழுப்பு இழுத்ததும் வெளிய வந்துருது."

"சத்தம் ஏதும் வருதுங்களா?"

"இல்ல."

"ஒயில் கசியுதுங்களா?"

"இல்ல மேன். என்ன பண்ணணும், சொல்லு. இங்க இருட்டிக்கிட்டு வருது."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சின்ன லீவர் வேலை செய்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டி தேய்ந்துவிட்டது. பெரிய விஷயமே இல்லை. லீவரை வெளியே வராமல் பிடித்துவைத்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம்.

"தொரை, நான் யாருன்னு தெரியுமுங்களா?"

"பாஸ்னுதானே சொன்ன?"

"ஜெயலெட்சுமி புருஷன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. கடைக்காரர் யாரிடமோ தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார். பிறகு, "ஹலோ? ஹலோ? இந்தா பாரு..." என்று தொரை ஆரம்பித்தார்.

நான் ரிசீவரை அதன் இடத்தில் வைக்கவில்லை. வைத்தால் மறுபடியும் அடிக்கும். பெஞ்சின் மேல் சாய்த்து வைத்தேன். அது சின்னக் குரலில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது.

"யாரு, மாப்புள?" என்றார் மாமா.

"யாரோ ஒரு தொரை. பெரகலையில ஜீப் நின்னுபோச்சாம். சின்ன லீவரு கழண்டு கழண்டு வருதாம்."

மாமா அரத்தை நிறுத்தினார். ரிசீவரைப் பார்த்தார். குரலை அவருக்கும் தெரியும்.

"டியூப்ப வெட்டி ஒரு ரப்பர் வாரு கட்டினா வந்துருமே."

"ஆமா மாமா."

"சொன்னீங்களா?"

"இல்ல."

அவர் மறுபடியும் அரம் போட ஆரம்பித்தார். கொஞ்சம் பலமாக.

நானா கடைசிப் பலகையோடு வந்தார். பெஞ்சில் கிடந்த ரிசீவரையும் எங்கள் இருவரையும் பார்த்தார். கேட்கவில்லை. கிரீஸ் துடைக்கிற பழைய துணியை எடுத்து, ஒரு பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி அதன் மேல் போட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். மழை விடவில்லை. கராஜில் ரிசீவரை எடுத்தபடியேதான் விட்டு வந்திருக்கிறேன்.